விக்டோரியா காலத்து வேலன்டைன் அட்டைகள்: அடையாளம் காண்பதும் காப்பாற்றுவதும்

கேள்வி இது: லண்டனில் படித்த காலத்தில் ஞாயிறு சந்தைகளிலும் பழைய பொருள் கடைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய நாற்பது வேலன்டைன் அட்டைகள் உங்களிடம் இருக்கின்றன. எல்லாமே 19ஆம் நூற்றாண்டு என்று விற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது சென்னைக்குத் திரும்பப் போகிறீர்கள். அவை நிஜமாகவே அவ்வளவு பழையவையா, லேமினேட் செய்து ஆல்பத்தில் வைத்தால் போதுமா, இனிமேல் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் உருகும் பிளாஸ்டிக் காகித நாருக்குள் இறங்கிவிடும், மேடாக எழும்பிய வேலைப்பாடு எல்லாம் தட்டையாகிவிடும். அதைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது. பக்கமே ஒட்டும் தன்மையோடு வருகிற போட்டோ ஆல்பம், செலோ டேப், ஃபெவிகால், ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எதுவும் அருகில் வரக் கூடாது. மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

அந்தக் காலத்து வேலன்டைனை அச்சடித்த படம் என்று நினைத்துக்கொண்டால் வாங்கும்போதும் ஏமாறுவோம், வைக்கும்போதும் கெடுப்போம். அது கையால் கட்டிய பொருள். அடியில் ஒரு தாள், அதன்மேல் துளைத்த லேஸ் காகிதம், அந்த லேஸைத் தூக்கிப் பிடிக்க மடித்து ஒட்டிய சின்னக் காகித ஸ்பிரிங், மேலே ஒரு வண்ணப் படத்துண்டு, பட்டு ரிப்பன், சில சமயம் துணிப்பூ, சிப்பி, ஒரு சுருள் தலைமுடி. உள்ளே ஒட்டிய கவிதை, அனுப்பியவர் எழுதிய நான்கு வரி, எல்லாவற்றையும் மூடிய உறை. இவ்வளவும் சேர்ந்ததுதான் ஓர் அட்டை. ஒன்றைப் பிரித்தாலும் அது சொல்லும் கதையில் பாதி போய்விடும். நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான்.

வயதைக் கணிக்க அஞ்சல் வரலாறு தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. வேலன்டைன் என்று காதலரை விளித்து எழுதும் பழக்கம் இங்கிலாந்தில் மிகப் பழையது. 1477 பிப்ரவரியில் மார்ஜெரி புரூஸ் என்ற பெண் தன் வருங்காலக் கணவர் ஜான் பாஸ்டனுக்கு எழுதிய கடிதம் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அச்சிட்டவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று 1797இல் வெளியானது, யார்க் நகரின் காசில் மியூசியத்தில் அதைக் காணலாம். ஆனால் சந்தையில் நம் கைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் 1840க்குப் பிந்தியவை. காரணம், அந்த ஆண்டு ஜனவரி 10 அன்று பிரிட்டன் முழுக்க ஒரே கட்டணமாக ஒரு பென்னி அஞ்சல் வந்தது. மே மாதம் பென்னி பிளாக் தபால்தலையும் வந்தது.

அதற்கு முன்னால் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கட்டணம். பெரும்பாலும் அதைக் கொடுக்க வேண்டியவரும் கடிதத்தைப் பெறுகிறவர்தான். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் என்று கணக்கு. அதனால் 1840க்கு முந்திய வேலன்டைன்கள் பெரும்பாலும் ஒரே தாள். உள்பக்கம் படமும் கவிதையும் வரைந்து, மடித்து, மெழுகு முத்திரை வைத்து, வெளிமடிப்பிலேயே முகவரி எழுதியிருப்பார்கள். உங்களிடம் உறை இல்லாமல் மடிப்புக்கோடுகளும் மெழுகுத் தடமும் உள்ள தாள் ஏதாவது இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். விலை மலிவானதும் உறை போட்டு அனுப்ப முடிந்தது, உறை வந்ததும் உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றாயிற்று. லேஸும் ரிப்பனும் அடுக்கடுக்காகக் கட்டிய வேலன்டைன்கள் பெருகியதற்கு அந்த ஒரு பென்னிக்குப் பெரிய பங்கு உண்டு.

லேஸ் காகிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நாற்பதில் பாதியாவது அதில்தான் இருக்கும். காகிதத்தை அச்சுக்கட்டைக்கு நடுவே வைத்து அழுத்தி மேடு பள்ளமாக உருவம் எழுப்பும் கலை முன்பே இருந்தது. லண்டனின் டாப்ஸ் நிறுவனம் அதில் பேர் பெற்றது. அங்கே வேலை பார்த்த ஜோசப் ஆடன்புரூக் 1834இல் அப்படி எழும்பிய மேடுகளை மெல்ல அரத்தால் ராவிப் பார்த்தார் என்றும், ராவிய இடம் துளையாகி நிஜ லேஸ் துணி போலவே காகிதம் கிடைத்தது என்றும் சேகரிப்பாளர்கள் சொல்வது வழக்கம். பழைய லேஸ் காகிதத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். துளைகளின் ஓரம் மிக நுண்ணியது, ஆனால் எல்லாத் துளையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. இன்றைய இயந்திரம் வெட்டிய லேஸில் ஓரம் கத்தியால் அறுத்ததுபோல் ஒரே சீராக இருக்கும்.

லேஸின் கீழ் ஓரத்தில் லென்ஸ் வைத்துத் தேடினால் தயாரிப்பாளர் பெயர் மிகச் சிறிய மேடெழுத்தில் தெரியலாம். டாப்ஸ், மான்ஸெல், மீக், விண்ட்சர் போன்ற பெயர்கள் வரும். டாப்ஸ் நிறுவனம் கூட்டாளிகள் மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றிக்கொண்டது: டாப்ஸ், டாப்ஸ் பெய்லி, டாப்ஸ் கிட் என்று. அந்தப் பெயர் வரிசையை வைத்தே காலத்தைச் சுருக்க முடியும். அடித்தாளில் வாட்மன் என்ற காகிதத் தயாரிப்பாளரின் நீரெழுத்தும் (வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் எழுத்து) ஆண்டும் இருந்தால் அட்டை அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. பிந்தியதாக இருக்கலாம். காகிதம் சில ஆண்டு கடையில் கிடப்பது சகஜம்.

லென்ஸ் கையில் இருக்கும்போதே சிலந்திவலை வேலன்டைனும் இருக்கிறதா என்று தேடுங்கள். வட்டமாக மிக நெருக்கமாக வெட்டிய ஒரு காகிதத் தகடு, அதன் நடுவில் ஒரு நூல். நூலை மெதுவாகத் தூக்கினால் வெட்டு விரிந்து கூண்டுபோல் எழும், அடியில் ஒளித்த படம் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்தவை. நூல் அறாமல் கிடைப்பது அபூர்வம். இருந்தால் அதை ஒரே ஒரு தடவை தூக்கி வீடியோ எடுத்துவிட்டு அப்படியே மூடிவிடுங்கள். வருகிறவர்களுக்கு வீடியோவைக் காட்டுங்கள்.

லண்டனில் வாங்கியிருந்தாலும் அமெரிக்க அட்டைகளும் கலந்திருக்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊஸ்டர் நகரைச் சேர்ந்த எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண் 1847இல் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்விக்கூடத்தில் படிப்பை முடித்தார். அப்பாவுக்குக் காகிதக் கடை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வேலன்டைனைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாகத் தன்னால் செய்ய முடியும் என்று மாதிரிகள் செய்து, வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போகும் அண்ணன் கையில் கொடுத்தனுப்பினார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்றிருந்தவருக்கு 5,000 டாலருக்கு ஆர்டர் வந்தது என்பது அங்கே தலைமுறைகளாகச் சொல்லப்படும் கதை. தோழிகளை வீட்டிலேயே மேசை சுற்றி உட்காரவைத்து, ஒருவர் படம் வெட்ட, அடுத்தவர் பின்னணி ஒட்ட, இன்னொருவர் லேஸ் பொருத்த என்று வேலையைப் பகிர்ந்து கொடுத்தார். பின்னால் நியூ இங்கிலாந்து வேலன்டைன் கம்பெனி என்று பெயர் வைத்துப் பெரிதாக நடத்தி, 1880களின் தொடக்கத்தில் ஜார்ஜ் விட்னியிடம் விற்றார். விட்னி நிறுவனம் இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்து 1942இல் மூடும்வரை நடந்தது.

ஹௌலண்ட் அட்டையின் பின்பக்கத்தில் சிவப்பு மையில் சின்னதாக எச் என்ற ஆங்கில எழுத்து இருக்கும், விட்னிக்கு டபிள்யூ. வெள்ளை லேஸுக்கு அடியில் பளிச்சென்று ஒரு வண்ணக் காகிதத் துண்டு தெரியும்படி வைப்பது ஹௌலண்டின் தனிமுத்திரை. அதைப் பலரும் நகல் செய்தார்கள் என்பதால் அது மட்டும் போதிய சாட்சி ஆகாது. இன்னொரு விஷயம், இது பலருக்கும் தெரியாது. 1879இல் அவர் நிறுவனம் கவிதைகள் மட்டும் அச்சிட்ட ஒரு புத்தகம் வெளியிட்டது. அட்டைக்குள் இருக்கும் கவிதை பிடிக்காதவர்கள் அதிலிருந்து வேறொன்றைத் தேர்ந்தெடுத்துப் பழையதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே கவிதைமேல் கவிதை ஒட்டியிருப்பதைப் பார்த்தவுடன் யாரோ பின்னாளில் கைவைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டிப் பிரித்துவிடாதீர்கள்.

வண்ணப் படத்துண்டுகள் நிறைய உள்ள, பளபளப்பான, நிறுத்தினால் அடுக்கடுக்காக விரியும் அட்டைகள் பெரும்பாலும் 1880களுக்குப் பிந்தியவை. அந்தப் படங்களை கல்லச்சில் பல வண்ணமாக அச்சடிப்பதில் ஜெர்மனி முன்னணியில் இருந்தது. இங்கிலாந்துக் கம்பெனிகள்கூட அங்கேதான் அச்சடித்தன. அமெரிக்காவில் 1891 முதல், இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் அமலுக்கு வந்ததால், ஜெர்மனி என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். ரஃபேல் டக் என்ற லண்டன் வாழ்த்து அட்டை நிறுவனத்தின் அட்டைகளில் அரசிக்குக் கலை வெளியீட்டாளர் என்ற வாசகம் இருந்தால் 1893க்குப் பிறகு. அந்த நிறுவனத்தின் லண்டன் கட்டடம் 1940 டிசம்பர் 29 இரவு குண்டுவீச்சில் எரிந்தது. மூல ஓவியங்களும் ஆவணங்களும் அதோடு போயின. மக்களின் வீட்டுப் பெட்டிகளில் தப்பிய அட்டைகளை வைத்துத்தான் இன்று அதன் பட்டியலைத் திரும்பக் கட்டிவருகிறார்கள். உங்களைப் போன்றவர்களின் நாற்பது அட்டைக்கும் அதில் இடம் உண்டு.

தபாலட்டை வடிவ வேலன்டைனுக்குப் பின்பக்கம் பார்த்தால் போதும். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு இருந்தால் பிரிட்டனில் 1902க்குப் பிறகு, அமெரிக்காவில் 1907க்குப் பிறகு.

போலிகளைப் பொறுத்தவரை, ஏமாற்றுவதற்கென்றே செய்த போலிகள் குறைவு. அழகான பழைய வடிவமைப்பை 20ஆம் நூற்றாண்டில் நினைவுப்பொருளாக மறுஅச்சு செய்தவைதான் அதிகம். அவை கை மாறி மாறிப் பழையது என்ற பெயரோடு சந்தைக்கு வந்துவிடுகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பழைய கல்லச்சு வண்ணத்தில் புள்ளிகள் மணல் தூவியதுபோல் ஒழுங்கின்றி இருக்கும், ஓரங்களில் ஒரு நிறம் இன்னொன்றின்மேல் ஏறியிருக்கும். 20ஆம் நூற்றாண்டில் பரவிய ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் கோலப்புள்ளிபோல் ஒரே வரிசை ஒழுங்கில் சின்னச்சின்ன வட்டமாகத் தெரியும். 1850 என்று சொல்லி விற்ற லேஸ் அட்டையில் அப்படித் தெரிந்தால் அந்தப் படமாவது புதிது.

அப்புறம் ஒரு புற ஊதா டார்ச். இருட்டறையில் அடித்தால் பழைய காகிதம் மங்கிய கிரீம் நிறத்தில் இருக்கும். 1950களிலிருந்து பரவலான வெண்மையூட்டி கலந்த காகிதம் நீலவெள்ளையாக ஒளிரும். அட்டை முழுதும் மங்கலாக இருந்து ஒரே ஒரு ரோஜா மட்டும் ஒளிர்ந்தால், உதிர்ந்த துண்டுக்குப் பதிலாக யாரோ புதியதை ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு உடைந்த அட்டைகளைச் சேர்த்து ஒன்றாக்குவதும் நடக்கிறது. பசை படிந்த பழைய தடமும் இப்போது ஒட்டியிருக்கும் படத்தின் ஓரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். டார்ச் ஒளியைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அட்டைமேலும் சில விநாடிக்கு மேல் வேண்டாம்.

இனி எதை வாங்குவது? இதில் என் கருத்து பல வியாபாரிகளின் கருத்துக்கு நேர் எதிர். எழுத்தே இல்லாத, மடிப்புக் கலையாத, கடையில் விற்காமல் தங்கிய அட்டைக்கு அவர்கள் அதிக விலை சொல்வார்கள். எனக்கு அனுப்பப்பட்ட அட்டைதான் முக்கியம். உறை, தபால்தலை, முத்திரைத் தேதி, பெயர் போடாமல் எழுதிய இரண்டு வரி, பெற்றவர் பின்னால் பென்சிலில் குறித்த ஊகம் இவையெல்லாம் உள்ள ஒன்று, ஓரம் கிழிந்திருந்தாலும், பளிச்சென்ற பத்து அட்டைகளுக்குச் சமம். முத்திரையில் பிப்ரவரி 13, 14 என்று இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. தபால்தலை சேர்ப்பவர்கள் இதே உறைகளைத் தேடி வாங்கித் தலையை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். நினைத்தாலே மனது கனக்கிறது. உறையும் அட்டையும் இன்னும் சேர்ந்தே இருக்கும் ஒன்றைப் பார்த்தால், பட்ஜெட் கொஞ்சம் தாண்டினாலும் வாங்கிவிடுங்கள். உறைக்குள் அட்டை சரியாகப் பொருந்துகிறதா, பசைக்கறையோ மடிப்போ இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அட்டையோடு வந்த எதையும் தூக்கி எறியக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். கடலோடி வேலன்டைன் என்று எண்கோண மரப்பெட்டிக்குள் வண்ணச் சிப்பிகளைப் பதித்துச் செய்த பொருட்கள் உண்டு. கப்பலில் பொழுது போகாத மாலுமிகள் காதலிக்காகச் செய்தவை என்று வெகுகாலம் நம்பினார்கள். ஒன்றைப் பழுதுபார்க்கும்போது சிப்பிகளுக்குப் பின்னால் பார்படாஸ் தீவின் செய்தித்தாள் கிடைத்தது. அந்தத் தீவின் பிரிட்ஜ்டவுன் கடைகளில் விற்பனைக்காகச் செய்து, மாலுமிகள் வாங்கிப்போனவையே இவற்றில் பெரும்பாலானவை என்பது பிறகு தெளிவானது. பின்னட்டைக் காகிதத்தைக் குப்பை என்று கிழித்திருந்தால் அது தெரிந்தே இருக்காது.

கேலி வேலன்டைன்களையும் விட்டுவிடாதீர்கள். வினிகர் வேலன்டைன் என்பார்கள். மெல்லிய மட்டமான ஒற்றைத் தாளில் ஒரு கோணல் உருவம், கீழே முகத்தில் அறைந்ததுபோல் நாலு வரி. பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரர், குடிகாரர், கர்வக்காரி, வேண்டாத காதலர் எல்லோருக்கும் பெயர் போடாமல் அனுப்பினார்கள். பெற்றவர் அடுப்பில் போட்டுவிடுவார் என்பதால் தப்பியவை குறைவு. லேஸ் அட்டைகள் அந்தச் சமூகம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்று சொல்கின்றன. அது உள்ளுக்குள் யாரையெல்லாம் வெறுத்தது என்பது இவற்றில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த தொகுப்புதான் முழுமையானது.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தொகுப்புகள் இருக்கின்றன. ஜோனதன் கிங் என்ற லண்டன் வேலன்டைன் தயாரிப்பாளரின் 1,700க்கும் மேற்பட்ட அட்டைகள் லண்டன் மியூசியத்தில் உள்ளன. மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் லாரா செடன் சேர்த்த 32,000 விக்டோரிய, எட்வர்டிய வாழ்த்து அட்டைகள். கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் நான்சி ரோசின் சேர்த்த 12,000க்கும் மேற்பட்டவை. ஊருக்குக் கிளம்புமுன் நேரம் கிடைத்தால் முன்னதாகவே அனுமதி கேட்டு எழுதி மான்செஸ்டருக்கு ஒரு நடை போய்வாருங்கள். அட்டை, டிக்கெட், விளம்பரத் தாள் போன்ற பழைய அன்றாடக் காகிதங்களைச் சேர்ப்பவர்களுக்காக 1975இல் மாரிஸ் ரிக்கார்ட்ஸ் தொடங்கிய எஃபெமெரா சொசைட்டி நடத்தும் சந்தைகளில் விற்பவர்கள் பொருள் தெரிந்து விற்பவர்கள். கேள்வி கேட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

சரி, சென்னைக்கு வருவோம். அங்கே அட்டைகளுக்கு மூன்று எதிரிகள்: ஈரம், பூச்சி, வெளிச்சம். இவற்றில் ஈரம்தான் பெரியது. காகிதத்துக்குச் சுமார் 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது. 65ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சென்னைக் காற்று ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேதான். ராத்திரி மட்டும் ஏசி போட்டுப் பகலில் அணைத்தால் இன்னும் மோசம். ஈரம் ஏறி இறங்க, காகிதமும் பட்டும் பசையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, ஒட்டிய துண்டுகள் பிரியும். அறையைச் சரிசெய்ய முயல்வதைவிடப் பெட்டியைச் சரிசெய்வது சுலபம். ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பெரிய பாலிப்ரொப்பிலீன் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. அளவு 50ஐத் தாண்டினால் ஜெல்லை ஓவனில் காயவைத்து மறுபடி போடுங்கள். 30க்குக் கீழே போகவும் விடாதீர்கள், லேஸ் மொறுமொறுப்பாகி உடையும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வறண்ட நாளாகப் பார்த்துத் திறந்து உள்ளே பாருங்கள்.

டப்பாவுக்குள் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே அடுக்கக் கூடாது. பாரம் ஏறினால் காகித ஸ்பிரிங் நசுங்கும், லேஸின் மேடு படுத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அமிலமற்ற, லிக்னின் (காகிதத்தைப் பழுக்கவைக்கும் மரப்பொருள்) இல்லாத அட்டையில் மடித்த ஒரு கோப்பு. தடிமனானவற்றுக்கு அதே அட்டையில் நடுவில் சன்னல் வெட்டி, வேலன்டைனின் உயரத்துக்குச் சட்டம்போல் கட்டி, அதற்குள் கிடத்துங்கள். எப்போதும் படுத்த நிலைதான். பட்டு, சாட்டின், இறகு உள்ளவற்றுக்குக் காரம் சேர்க்காத அமிலமற்ற டிஷ்யூ கேட்டு வாங்குங்கள். தபாலட்டைபோலத் தட்டையானவற்றைப் பாலியெஸ்டர் உறையில் போடலாம். பிவிசி உறை கூடவே கூடாது. காலப்போக்கில் பிசுபிசுத்து மையை உரித்தெடுக்கும். கையால் வண்ணம் தீட்டியதில் நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பாலியெஸ்டரும் வேண்டாம். அதன் நிலைமின்சாரமே நிறத்தை இழுத்துக்கொள்ளும்.

1920, 30களின் பள்ளிக்கூட வேலன்டைன்கள், தேன்கூடுபோல் விரியும் சிவப்பு டிஷ்யூ வைத்தவை உங்களிடம் இருந்தால் அவற்றைத் தனி டப்பாவில் வையுங்கள். வயதில் இளையவை என்றாலும் நிலைமை மோசம். 1840களின் காகிதம் பெரும்பாலும் பருத்தி, லினன் கந்தலில் செய்தது, இன்றும் வெளேரென்று இருக்கும். பின்னால் வந்த மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் அதிகம். தானும் பழுத்து, பக்கத்தில் இருப்பதையும் பழுக்கவைக்கும். அந்தச் சிவப்புச் சாயம் ஒரு துளி ஈரம் பட்டாலும் ஓடும்.

பூச்சிக்கு அட்டையில் பிடித்தது மாவுப் பசையும் கோந்தும். சில்வர்ஃபிஷ் மேல்பரப்பைச் சுரண்டும், ராமபாணம் துளைத்துக்கொண்டே போகும். நறுமணத் தூள் வைத்துத் தைத்த சாட்டின் அட்டைகள் உண்டு. லண்டனில் ரிம்மல் போன்ற வாசனைத் திரவியக்காரர்கள் அவற்றுக்குப் பேர்போனவர்கள். அவற்றின் பஞ்சுக்குள் பூச்சி இருந்தால் வெளியே தெரியவே தெரியாது. புதிதாக வாங்கிய எதையும் நேராகத் தொகுப்பில் சேர்க்காமல் ஒரு மாதம் தனிக் கவரில் வைத்துக் கவனியுங்கள். பொடி உதிர்ந்தால், இரண்டு ஜிப் கவருக்குள் காற்றை வெளியேற்றிப் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் அட்டைமேல் நீர் பூக்கும். சிப்பி, கண்ணாடி, மெழுகு, கனமான பெயின்ட் உள்ளவற்றுக்கு இந்த முறை வேண்டாம்.

அந்துருண்டை போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதன் ஆவி உங்களுக்கும் கெடுதல், பிளாஸ்டிக்கோடும் ஒத்துவராது, டப்பாவுக்குள் திரும்பப் படிகமாகப் படியும். நம் ஊரில் ஓலைச்சுவடிக்கு வசம்பு வைக்கும் பழக்கம் உண்டு. வைத்தே ஆக வேண்டும் என்று மனது கேட்டால் துணியில் முடிந்து பீரோவின் மூலையில் வையுங்கள். அட்டை இருக்கும் டப்பாவுக்குள் வேண்டாம், எண்ணெய் காகிதத்தில் இறங்கும்.

வெளிச்சம் செய்த கெடுதலை எந்த நிபுணராலும் திருப்ப முடியாது. 1856க்குப் பிறகு வந்த அனிலின் என்ற செயற்கைச் சாயங்கள் பல சீக்கிரம் வெளிறும். ரிப்பனும் டிஷ்யூவும் முதலில் போகும். சுவரில் மாட்ட ஆசையாக இருந்தால் நல்ல வண்ண நகல் எடுத்துச் சட்டம் போடுங்கள். அசலை ஆண்டுக்குச் சில நாள் வெளியே எடுத்துப் பாருங்கள், காட்டுங்கள். அதற்காகத்தானே சேர்க்கிறோம். கையுறை தேவையில்லை. பருத்தி நூல் லேஸில் மாட்டி இழுக்கும். சோப்பு போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கையே நல்லது. பளிச்சென்ற மரகதப் பச்சை உள்ள அட்டையைத் தொட்ட பிறகும் கையைக் கழுவுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பச்சைக்கு ஆர்சனிக் கலந்த நிறமியைப் பயன்படுத்தினார்கள். குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

சுத்தம் செய்வது என்றால் மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்துங்கள். பழுப்புப் புள்ளிகளைப் போக்க ப்ளீச், எலுமிச்சை, ரப்பர் என்று வழிகள் உலவும். புள்ளியோடு காகிதமும் போகும். கறுத்துப்போன வெள்ளி லேஸையும் துலக்காதீர்கள். பிரிந்த துண்டை ஒட்ட ஜப்பானிய டிஷ்யூவும் கோதுமை மாவுப் பசையும் உண்டு. ஈரம் காட்டினால் பிரிந்துவரும், அதுதான் அதன் பெருமை. ஆனால் பழக்கமில்லாத கைக்கு முதல் வேலை பழைய வேலன்டைனாக இருக்கக் கூடாது. உதிர்ந்த துண்டைச் சின்ன உறையில் போட்டு, அதே கோப்புக்குள், எங்கிருந்து விழுந்தது என்று வெளியே பென்சிலில் எழுதி வையுங்கள். ஒட்டாமலே நூறு ஆண்டு பத்திரமாக இருக்கும். பழுதுபார்த்தே தீர வேண்டியதற்குச் சென்னையிலேயே விசாரிக்கலாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலிருந்து பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் காகிதம் காக்கும் வேலை நடக்கிறது. யாரிடம் போகலாம் என்றாவது வழி சொல்வார்கள்.

பயணத்துக்கு முன்னால் ஒவ்வோர் அட்டையையும் முன், பின், உள், உறை என்று படமெடுத்துவிடுங்கள். லேஸைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் மேடு தெரியும். எழும்பி நிற்கும் அட்டையை ஸ்கேனரில் கவிழ்த்து மூடியை அழுத்த வேண்டாம். எங்கே வாங்கியது, எப்போது, விற்றவர் என்ன சொன்னார் என்பதைக் கோப்பின்மேல் பென்சிலில் எழுதுங்கள், அட்டையின்மேல் ஒருபோதும் எழுதாதீர்கள். விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோங்கள்.

வீட்டில் டப்பாவை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவிலும் வைக்காதீர்கள், பரணிலும் வைக்காதீர்கள். ஒன்றில் ஈரம், மற்றதில் சூடு. தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு மேலே, உள்சுவர்ப் பக்கம், தண்ணீர்க் குழாய் போகாத இடம். 2015 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். எப்படியோ நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாதீர்கள், ஹேர் டிரையரும் வேண்டாம். பளபளப்புப் பூச்சுள்ள காகிதம் சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் நடுவே பட்டர் பேப்பர் வைத்து, தட்டையாகக் கவரில் போட்டு ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுங்கள். உறைந்த நிலையில் மேற்கொண்டு கெடாது. அவசரம் ஓய்ந்த பிறகு, பழுதுபார்ப்பவரிடம் உறைந்தபடியே எடுத்துப்போகலாம்.